குடித்துவிட்டு ஓட்டியவனுக்கும் உரிமை உண்டு. அதை நாம்தான் பேச வேண்டும்

இரவு பதினொன்றரைக்கு போன். எங்கள் காலனித் தம்பி. கேட்டரிங் வேலைக்குப் போய்விட்டு வரும் வழியில் பைபாஸில் செக்கிங். "அக்கா, ஊதச் சொன்னாங்க, ஊதினேன். வண்டியப் புடுங்கிட்டாங்க. பத்தாயிரங்கிறாங்க. நாளைக்கு எப்பிடி வேலைக்குப் போறது?"

"குடிச்சியா?" என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "மண்டபத்துல பாத்திரமெல்லாம் ஏத்தி முடிச்சிட்டு... கொஞ்சம்."

முதலில் நன்றாகத் திட்டினேன். அப்புறம் கேட்டேன். மெஷின் எவ்வளவு காட்டியது? தெரியாது. சீட்டு தந்தார்களா? இல்லை. டாக்டரிடம் கூட்டிப் போனார்களா? இல்லை. எதிலாவது கையெழுத்துப் போட்டாயா? "போட்டேன் அக்கா. வெள்ளத்தாள்தான்." எந்த ஊர் என்று கேட்டிருக்கிறார்கள். சொல்லியிருக்கிறான். அடுத்த கேள்வி: "ஊரா, காலனியா?"

குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதற்கும் இந்தக் கேள்விக்கும் என்ன சம்பந்தம் என்று இதைப் படிக்கும் யாரும் கேட்க மாட்டீர்கள். நமக்குத் தெரியும்.

ஆனால் அவனை நான் திட்டியதற்கும் காரணம் இருக்கிறது. ஆறு வருடத்துக்கு முன் என் பெரியம்மா, கீரைக்கட்டு விற்றுவிட்டு இரவு ஒன்பது மணிக்கு மெயின்ரோட்டைக் கடக்கும்போது ஒரு கார் அடித்துப் போட்டது. ஓட்டி வந்தவர் பக்கத்து ஊரில் மில் வைத்திருப்பவர். காரைவிட்டு இறங்கி அவரால் நிற்க முடியவில்லை. டீக்கடையில் இருந்த பத்துப் பேர் பார்த்தார்கள். போலீஸ் வந்ததும் "நெஞ்சு வலிக்குது" என்றார். தனியார் மருத்துவமனையில் படுக்கை போட்டார்கள். ரத்தம் எடுத்தது மறுநாள் காலை ஏழு மணிக்கு.

கணக்குப் போடுங்கள். மனித உடம்பு 100 மில்லிலிட்டர் ரத்தத்திலிருந்து மணிக்குச் சராசரியாக 15 மில்லிகிராம் மதுவைக் கழித்துவிடுகிறது. பத்து மணி நேரத்தில் 150. சட்டம் வைத்திருக்கும் எல்லை 30. அந்த எல்லையைப் போல ஐந்து மடங்கு குடித்திருந்தாலும் காலையில் ரத்தம் சுத்தமாகிவிடும். அப்படித்தான் ஆனது. ஆய்வகம் "மது இல்லை" என்று எழுதிக் கொடுத்தது. வழக்கு அஜாக்கிரதையாக ஓட்டியதாக மட்டும் நின்றது. அன்றைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ. அதிகபட்சம் 2 ஆண்டு. குடித்திருந்தது நிரூபணமாகியிருந்தால் 304-இன் இரண்டாம் பகுதிக்கு, அதாவது 10 ஆண்டு வரைக்கும் வாதாடியிருக்கலாம். ஜாமீனில் வந்தவர் மறு வாரமே அதே ரோட்டில் அதே காரை ஓட்டிக்கொண்டு போனார்.

இரண்டு இரவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் மீறப்பட்டது ஒரே சட்டம்தான், ஒரே பரிசோதனை நடைமுறைதான். அது மீறப்பட்டதால் தம்பி வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு நடந்து வந்தான். அது மீறப்பட்டதால் மில்காரர் தப்பித்தார். சட்டத்தில் இருக்கும் ஒரே ஓட்டை வழியாக இல்லாதவனை உள்ளே இழுக்கிறார்கள், இருப்பவனை வெளியே அனுப்புகிறார்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் விளக்கம்.

சாகிறவர்கள் யார்?

குடித்துவிட்டு ஓட்டுவதை நியாயப்படுத்த நான் எழுதவில்லை. அதைச் செய்கிறவர் தலித் இயக்கத்தில் இருந்தால் அவர் யாருக்கு எதிராகப் பேசுகிறோம் என்று யோசிக்காதவர். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். அதில் 44.5 சதவீதம் இருசக்கர வண்டியில் போனவர்கள். 19.5 சதவீதம் நடந்து போனவர்கள். இரண்டையும் கூட்டினால் 64 சதவீதம். ஏர்பேக் வைத்த காருக்குள் உட்கார்ந்தவர்கள் இல்லை இவர்கள். கீரை விற்கிறவர்கள், நைட் ஷிப்டு முடித்து வருகிறவர்கள், பாலத்துக்கு அடியில் படுக்கிறவர்கள், விடியற்காலையில் ரோடு கூட்டுகிறவர்கள். ரோட்டில் உடம்பை வைத்துப் பிழைக்கிறவர்களில் நம் ஆட்கள் எத்தனை பேர் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆகவே மதுவோடு ஓட்டுவதைத் தடுக்கும் சட்டம் நமக்கு வேண்டிய சட்டம். கடுமையாகவே வேண்டும். என் கேள்வி, அந்தச் சட்டம் எழுதியபடி நடக்கிறதா என்பதுதான்.

சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது?

இந்தப் பகுதியைப் பொறுமையாகப் படியுங்கள். சட்டக்கல்லூரி மாணவர்களுக்கு இது தெரிந்ததாக இருக்கலாம். இரவில் ஸ்டேஷனுக்கு ஓட வேண்டியிருக்கும் மற்றவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988. பிரிவு 185. 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருப்பது பரிசோதனையில் தெரிந்தால் குற்றம். "பரிசோதனையில்" என்ற சொல்லைக் கவனியுங்கள். வாடை அடிக்கிறது, கண் சிவந்திருக்கிறது, நடை தள்ளாடுகிறது என்பதெல்லாம் சந்தேகப்படக் காரணமாகலாம். அவை மட்டுமே ஆதாரமாகிவிடாது. ரத்தப் பரிசோதனை இல்லாமல் இப்படிப்பட்ட அடையாளங்களை மட்டும் வைத்து ஒருவர் குடித்திருந்தார் என்று முடிவு கட்ட முடியாது என உச்ச நீதிமன்றம் 1971-லேயே பச்சுபாய் வழக்கில் சொல்லிவிட்டது.

பிரிவு 203. ஊதச் சொல்ல சீருடையில் இருக்கும் போலீஸ் அதிகாரிக்கும் அதிகாரம் தரப்பட்ட போக்குவரத்துத் துறை அலுவலருக்கும் உரிமை உண்டு. மெஷின் மத்திய அரசு அரசிதழில் அறிவித்து ஏற்ற வகையைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். கைது செய்து ஸ்டேஷனுக்குக் கொண்டு போனால் அங்கேயும் ஊதிக் காட்ட வாய்ப்புத் தர வேண்டும். இது ஏன் முக்கியம்? கடைசி மடக்கு உள்ளே போன உடனே ஊதினால் வாய்க்குள் ஒட்டியிருக்கும் மதுவும் சேர்ந்து கணக்காகும். சுமார் 15 நிமிடம் போனால்தான் அது வடியும். ஸ்டேஷனில் ஊதும் இரண்டாவது ஊதல், முதல் எண் சரியா என்று சொல்லிவிடும்.

பிரிவு 202. இதை மனப்பாடம் செய்யுங்கள். 185-க்காகக் கைது செய்யப்பட்டவரை இரண்டு மணி நேரத்துக்குள் பதிவு பெற்ற மருத்துவரிடம் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும். செய்யாவிட்டால் காவலிலிருந்து விடுவிக்க வேண்டும். "விடுவிக்கலாம்" என்று இல்லை. விடுவிக்க வேண்டும்.

இதிலிருந்து நழுவ நடைமுறையில் ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். கைது என்று எழுதுவதே இல்லை. "சும்மா வா, பேசிட்டுப் போலாம்" என்று உட்கார வைப்பார்கள். மணி மூன்றாகும், நாலாகும். கைதில்லை என்றால் எழுந்து போக விட வேண்டும். போக விடவில்லை என்றால் அது கைதுதான், கடிகாரம் அப்போதே ஓடத் தொடங்கிவிட்டது. அரசியலமைப்பின் 22-ஆவது பிரிவு, கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும், வழக்கறிஞரைக் கலந்துகொள்ள விட வேண்டும் என்கிறது. குடித்திருந்தவனுக்கு இது கிடையாது என்று அண்ணல் அம்பேத்கர் தலைமையேற்ற வரைவுக் குழு எழுதி வைக்கவில்லை.

பிரிவு 204 ரத்த மாதிரி பற்றியது. மருத்துவர்தான் எடுக்க வேண்டும். ஓட்டியது பெண், மருத்துவர் ஆண் என்றால் இன்னொரு பெண்ணின் முன்னிலையில்தான் எடுக்கலாம். பரிசோதனை அரசின் ஆய்வகத்திலோ அரசு அங்கீகரித்த ஆய்வகத்திலோ நடக்க வேண்டும்.

இங்கே மாணவர்கள் சிலர் ஒன்று கேட்பார்கள். தனக்கெதிராகச் சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 20(3) இருக்கிறதே, ஊத மாட்டேன் என்று சொல்லலாமா? சொல்லாதீர்கள். கைரேகை, கையெழுத்து மாதிரி போன்றவற்றைத் தருவது தனக்கெதிரான சாட்சியம் ஆகாது என்று 1961-லேயே காதி காலு ஒகத் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. போதாததற்கு, நியாயமான காரணமில்லாமல் மறுத்தால் அதையே அரசுத் தரப்பு தனக்குச் சாதகமான ஆதாரமாகக் காட்டலாம் என்கிறது பிரிவு 205. மறுப்பதால் லாபமில்லை. எண்ணில் சந்தேகம் இருந்தால் "ரத்தம் எடுங்க" என்று நீங்களே கேளுங்கள். அது உங்கள் பக்கத்து ஆயுதம்.

தண்டனை: முதல் முறை 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 15,000, அல்லது இரண்டும். இது ஜாமீனில் விடத்தக்க குற்றம். ஜாமீன் உரிமை, யாரும் போடும் பிச்சை கிடையாது.

பணம்? போலீஸ் அதிகாரியே பணத்தை வாங்கித் தீர்த்துவிடக்கூடிய குற்றங்களின் பட்டியல் பிரிவு 200-இல் இருக்கிறது. அதில் 185 இல்லை. அப்படியென்றால் ரோட்டோரத்தில் நிற்கும் யாருக்கும் "பத்தாயிரம் எடு, இல்ல அஞ்சாயிரத்துல முடிச்சிக்கோ" என்று சொல்ல அதிகாரமில்லை. குற்றவாளி என்று சொல்லவும் அபராதம் போடவும் நீதிமன்றத்தால் மட்டுமே முடியும். ரசீது இல்லாமல் கைமாறும் பணத்துக்குப் பெயர் அபராதம் இல்லை.

வண்டி? லைசென்ஸ், பதிவு, பர்மிட் இல்லாத வண்டிகளைப் பிடித்து வைக்கத்தான் பிரிவு 207 இருக்கிறது. 185 அதில் வரவில்லை. போதையில் இருப்பவன் கையில் சாவியைத் தரக் கூடாது, சரி. அதற்காக வண்டியை வாரக்கணக்கில் ஸ்டேஷன் வெயிலில் காய வைக்க எந்தப் பிரிவு இருக்கிறது? தெலங்கானா உயர் நீதிமன்றம் 2021-இல் இதைத் தெளிவாகச் சொன்னது: குடித்து ஓட்டியதற்காக மட்டும் வண்டியைப் பறிமுதல் செய்ய போலீசுக்கு அதிகாரமில்லை, கூட வந்தவரோ உறவினரோ லைசென்சோடு தெளிவாக வந்தால் அவரிடம் ஒப்படைக்க வேண்டும், யாரும் இல்லையென்றால் பத்திரமாக வைத்திருந்து, ஆவணத்தைக் காட்டினால் தர வேண்டும். அந்தத் தீர்ப்பு தமிழ்நாட்டைக் கட்டுப்படுத்தாது. இங்கே அதை எடுத்துக்காட்டி வாதாட ஒரு தடையும் இல்லை.

கடைசியாக லைசென்ஸ். "ஒத்துக்கிட்டு கட்டிட்டுப் போப்பா" என்று எல்லோரும் சொல்வார்கள், சில நேரம் வழக்கறிஞரே சொல்வார். ஒத்துக்கொண்டால் அது தண்டனைத் தீர்ப்பு. 185-இல் தண்டனை வந்தால் குறைந்தது ஆறு மாதம் ஓட்டத் தகுதியிழப்பு என்கிறது பிரிவு 20. ஆட்டோ ஓட்டுகிறவனுக்கும் லோடு வண்டி ஓட்டுகிறவனுக்கும் ஆறு மாதம் என்றால் அடுப்பு. இதைச் சொல்லாமல் கையெழுத்து வாங்குகிறவர் அவனுக்கு உதவி செய்யவில்லை.

ஓட்டை யாருக்கு வாசல்?

இப்போது மேல்மட்டத்துக்குப் போவோம். 2006 நவம்பர் 12, மும்பை பாந்த்ரா, கார்ட்டர் ரோடு. நடைபாதையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மீது கார் ஏறியது. 7 பேர் செத்தார்கள், 8 பேருக்குக் காயம். ஓட்டியவரின் ரத்தத்தில் 0.112 சதவீதம் மது. நம் அளவில் சொன்னால் 112 மில்லிகிராம். ரத்தம் எடுக்கப்பட்டது, எண் கிடைத்தது. அதனால்தான் விசாரணை நீதிமன்றம் லேசாக விட்டதை உயர் நீதிமன்றம் 304-இன் இரண்டாம் பகுதிக்குத் தூக்க முடிந்தது. 2012-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஏழு உயிருக்கு மூன்று ஆண்டு. அந்த மூன்று ஆண்டும் அந்த எண் இல்லாமல் வந்திருக்குமா?

2024 மே 19, புனே கல்யாணி நகர். பைக்கில் போன இரண்டு இளம் பொறியாளர்களை ஒரு போர்ஷே கார் அடித்துக் கொன்றது. ஓட்டியது 17 வயதுப் பையன் என்பது வழக்கு. அன்றே ஜாமீன், 300 வார்த்தையில் கட்டுரை எழுது என்ற நிபந்தனையோடு. நாடே காறித் துப்பிய பிறகு வேறொன்று வெளியே வந்தது. அரசு மருத்துவமனையில் எடுத்த ரத்த மாதிரியையே மாற்றி வைத்துவிட்டார்கள் என்று போலீசே வழக்குப் போட்டது. மருத்துவர்கள் கைதானார்கள்.

பார்த்தீர்களா? நம் தம்பியைப் பிடித்தவர்களுக்கு ரத்தப் பரிசோதனை என்று ஒன்று இருப்பதே ஞாபகம் வராது. பணக்கார வீட்டுக்கு ரத்தப் பரிசோதனை எவ்வளவு முக்கியம் என்று தெரியும். அதனால்தான் ரத்தத்தையே மாற்ற முயல்கிறார்கள். இரண்டு மணி நேரக் கடிகாரமும், முத்திரை வைத்த ரத்தக் குப்பியும், கையில் தரப்படும் சீட்டும் குற்றவாளியைக் காப்பாற்றும் சலுகை என்று நினைப்பவர்கள் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். என் பெரியம்மாவுக்கு நியாயம் வாங்கித் தந்திருக்கக்கூடியது அந்தக் கடிகாரம் ஒன்றுதான். தம்பிக்காக நான் கேட்கும் உரிமையும் பெரியம்மாவுக்காக நான் கேட்கும் நீதியும் ஒரே பிரிவில் எழுதியிருக்கின்றன.

பத்தாயிரம் யாருக்கு எவ்வளவு?

2019 திருத்தத்துக்கு முன் முதல் குற்றத்துக்கு அபராதம் அதிகபட்சம் 2,000. "வரை" என்று இருந்தது. நீதிபதி ஆளைப் பார்த்துக் குறைக்கலாம். திருத்தம் அதை ஒரேயடியாக 10,000 ஆக்கியது. தமிழ்நாட்டில் உயர்த்தப்பட்ட அபராதங்கள் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. 2024-25-இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த தினக்கூலி 319 ரூபாய். பத்தாயிரம் என்றால் 31 நாள் கூலிக்கும் மேல். ஓஎம்ஆர் பாரில் நாலு பேர் உட்கார்ந்து எழுந்தால் வரும் பில்லும் அதே பத்தாயிரம். ஒருவனுக்கு ஒரு மாத வாழ்க்கை, இன்னொருவனுக்கு ஒரு ராத்திரி பில். இதைச் சமம் என்று சொல்ல எந்தச் சமூகவியலும் படிக்க வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டால் போதும்.

வேறு வழியே இல்லையா? பின்லாந்தில் 1921-இலிருந்து நாள்-அபராத முறை இருக்கிறது. குற்றத்தின் கடுமைக்கு இத்தனை நாள் என்று நீதிமன்றம் சொல்லும். ஒரு நாளுக்கு எவ்வளவு என்பது அவரவர் வருமானத்தைப் பொறுத்தது. கூலிக்காரனுக்கும் கோடீஸ்வரனுக்கும் வலி ஒரே அளவு. நூறு வருடமாக ஒரு நாட்டில் நடப்பதை இங்கே பேசக்கூட ஆளில்லை.

பேசியதெல்லாம் வசூலைப் பற்றித்தான். 2022-இல் சென்னைப் போக்குவரத்துப் போலீஸ், குடித்தவர் ஓட்டும் வண்டியில் கூட உட்கார்ந்து வருபவர் மீதும் வழக்கு என்று அறிவித்தது. பிரிவு 188 குற்றத்துக்கு உடந்தையாக இருப்பதைத் தண்டிக்கிறது, உண்மைதான். ஆனால் பின் சீட்டில் உட்கார்ந்ததே உடந்தையா? லிஃப்ட் கேட்டு ஏறியவன்? கணவனோடு வந்த மனைவி? அடுத்த வருடம், அபராதம் கட்டாதவர்களின் வண்டியையும் அசையும் சொத்தையும் நீதிமன்ற ஆணை வாங்கி முடக்குவோம் என்றார்கள். என் பெரியம்மா வழக்கில் இதில் கால்வாசி வேகத்தையாவது காட்டியிருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன்.

அபராதம் வாங்கும் அரசுதான் கடையும் நடத்துகிறது. டாஸ்மாக் 1983-இல் தொடங்கியது. 2003-இல் சில்லறை விற்பனையையும் கையில் எடுத்தது. 2023-24-இல் அரசுக்கு வந்த வருமானம் 45,000 கோடிக்கு மேல். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது தமிழ்நாட்டு வழக்கில்தான். காரணம், ரோட்டில் விழும் பிணங்கள். அந்தக் கடைகளைக் குடியிருப்புகளுக்குள் நகர்த்தினார்கள். 2017 முழுக்க பெண்கள் ரோட்டுக்கு வந்தார்கள். திருப்பூர் சாமளாபுரத்தில் மதுக்கடை வேண்டாம் என்று நின்ற பெண்ணை ஒரு போலீஸ் அதிகாரி கன்னத்தில் அறைந்ததை எல்லோரும் வீடியோவில் பார்த்தோம். அப்புறம் நகராட்சி எல்லைக்குள் அந்தத் தடை பொருந்தாது என்று விளக்கம் வந்தது.

இன்றைக்கும் பைபாஸ் ஓரத்துப் பார் வாசலில் பாருங்கள், நாற்பது பைக் நிற்கும். உள்ளே ஊற்றுகிறவர்களுக்கு அது தெரியும். அரை கிலோமீட்டர் தள்ளி மெஷினோடு நிற்பவர்களுக்கும் தெரியும். பார் வாசலிலேயே நின்று சாவியை வாங்கி வைத்தால் ஒரு உயிர் பிழைக்கும். வளைவில் ஒளிந்து நின்றால் ஒரு வழக்கு கிடைக்கும். எதைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று பாருங்கள், நோக்கம் புரியும்.

மூன்று பேருக்குப் பதில்

முதலாவது, "மனித உரிமைன்னு சொல்லிக் குடிகாரனைக் காப்பாத்துறீங்க" என்பவர்களுக்கு. முறைப்படி ரத்தம் எடுத்து, முறைப்படி சீட்டுக் கொடுத்துப் போடும் வழக்கு எந்த வழக்கறிஞர் வந்தாலும் நிற்கும். குறுக்குவழியில் போட்ட வழக்குதான் பணம் இருப்பவனிடம் உடையும். நான் கேட்பது உடையாத வழக்கை.

இரண்டாவது, நம் இயக்கத்திலேயே சில அண்ணன்களுக்கு. "குடிகாரப் பசங்களுக்காக ஸ்டேஷனுக்குப் போனா நம்ம பேர்தான் கெட்டுப்போவும்" என்கிறீர்கள். ஒழுக்கமானவர்களுக்கு மட்டும்தான் உரிமை என்று முதலில் சொன்னவர்கள் யார்? நம்மைக் குடிகாரர்கள், அழுக்கானவர்கள் என்று சொல்லித்தானே ஊருக்கு வெளியே வைத்தார்கள்? அந்த அளவுகோலை நாமே கையில் எடுத்தால் நாளைக்கு அது நம் முதுகில்தான் விழும். உரிமை, நடத்தைக்குத் தரும் பரிசு கிடையாது.

மூன்றாவது, தம்பிகளே, உங்களுக்கு. "போலீஸ் சாதி பாத்துதான் புடிக்குது, அப்புறம் நான் குடிச்சா என்ன?" என்று போன வாரக் கூட்டத்தில் ஒருவன் கேட்டான். போலீஸ் சாதி பார்க்கிறது, சரி. உன் வண்டி அடித்துச் சாகப்போகும் அம்மா எந்த சாதி என்று நீ பார்த்தாயா? இந்த ரோட்டில் அந்த நேரத்தில் நடந்து வருகிறவள் உன் பெரியம்மாவாகத்தான் இருப்பாள். குடித்தால் சாவியைத் தொடாதே. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

என்ன செய்யலாம்?

இளம் தோழர்களுக்குச் சில வேலைகள். யாராவது மாட்டினால் முதலில் மணி எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரம் அங்கிருந்து தொடங்குகிறது. மெஷின் காட்டிய எண், நேரம் உள்ள சீட்டைக் கேளுங்கள். எழுதாத தாளில் கையெழுத்துப் போட விடாதீர்கள். பொது இடத்தில் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினால், திட்டியவர் பட்டியல் சாதி, பழங்குடியைச் சேராதவர் என்றால், அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எஸ்) பிரிவில் வரும். யார் சொன்னது, யார் கேட்டது என்று அப்போதே எழுதி வையுங்கள்.

வழக்கறிஞருக்குப் பணமில்லை என்று யாரும் குற்றத்தை ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. சட்டப்பணி ஆணையங்கள் சட்டம், 1987, பிரிவு 12-இன்படி பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உரிமை. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணுக்கும் அழைக்கலாம். காலனியில் எத்தனை பேருக்கு இந்த எண் தெரியும் என்று இன்றைக்கே கேட்டுப் பாருங்கள்.

அதேபோல, குடித்தவன் ஓட்டிய வண்டியில் நம் ஆள் அடிபட்டால் அந்த இடத்திலேயே எழுத்தில் கேளுங்கள்: ஓட்டியவரின் ரத்தம் எடுத்தாயிற்றா, எத்தனை மணிக்கு, எந்த மருத்துவர்? அன்றைக்கு எங்கள் வீட்டில் இதைக் கேட்கத் தெரிந்த ஒருவர்கூட இல்லை. எம்.ஏ. சமூகவியல் படித்த நானும் பிணவறை வாசலில் அழுதுகொண்டுதான் நின்றேன்.

தம்பி கதையை முடிக்கிறேன். மறுநாள் காலையில் வழக்கறிஞர் தோழரோடு ஸ்டேஷனுக்குப் போனோம். சீட்டைக் கேட்டோம். முதலில் இல்லை என்றார்கள். எழுதிக் கொடுத்ததும் வந்தது. 68. அவன் குற்றவாளிதான். வெள்ளைத்தாளைத் திரும்ப வாங்கிக் கிழித்தோம். அண்ணன் லைசென்சோடு வந்ததும் வண்டியைக் கொடுத்தார்கள். நீதிமன்றத்தில் அவனே ஒத்துக்கொண்டு, சங்கத்தில் கடன் வாங்கிப் பத்தாயிரம் கட்டினான், ரசீதோடு. ஆறு மாதம் லைசென்ஸ் கிடையாது. இப்போது மண்டபத்துக்கு பஸ்ஸில் போகிறான். கடைசி பஸ் போய்விட்டால் அங்கேயே பாத்திரங்களுக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்கிறான்.

அவன் தப்பவில்லை. தப்ப வேண்டும் என்று நானும் கேட்கவில்லை. செய்த குற்றத்துக்குச் சட்டம் சொன்ன தண்டனையை, சட்டம் சொன்ன முறையில் வாங்கிக்கொண்டான். அந்த மில்காரருக்கும் இதே அளவு சட்டம் என்றைக்குக் கிடைக்கிறதோ, அன்றைக்குத்தான் ஊருக்கும் காலனிக்கும் ஒரே சட்டம் என்று நான் நம்புவேன்.

ஜெய்பீம்.